சமதளப் பாதை

நெடுநடைக்குப் புதியவர்களுக்கு பிரிட்டனில் அடிக்கடிப் பரிந்துரைக்கப்படும் பாதைகளுள் ஒன்று, கிழக்கு இங்கிலாந்தின் பெடர்ஸ் வே - நார்ஃபோக் கரையோரப் பாதை. சஃபோக் மாவட்டத்தின் நெட்டிஷால் ஹீத் என்னும் புதர்வெளியில் தொடங்கி, ஏறத்தாழ 74 கி.மீ. வடக்கு நோக்கிச் சென்று, ஹோம் என்ற சிற்றூரில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து கரையோரமாக நீள்கிறது. 1986இல் திறக்கப்பட்டபோது குரோமர் நகரோடு முடிந்த கரைப்பகுதி பின்னர் தெற்கே ஹாப்டன் வரை நீட்டப்பட்டது. இரண்டும் சேர்ந்து இன்று 200 கி.மீட்டருக்குச் சற்று அதிகம். நார்ஃபோக்கின் மிக உயர்ந்த மேடே 100 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். வழி தவறவும் வாய்ப்புக் குறைவு. உள்நாட்டுப் பகுதி பெரும்பாலும் கோடு கிழித்தாற்போல் நேராகச் செல்கிறது.

அந்த நேர்க்கோட்டைக் கிழித்தது யார் என்று கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது. ஊர்மக்கள் நடந்து நடந்து உருவாகும் வழி வளையும்; மேட்டைச் சுற்றும், கிணற்றடியில் ஒதுங்கும், சந்தையை எட்டிப் பார்க்கும். இது அப்படி எதையும் பொருட்படுத்தாத பாதை. ரோமானியர் அமைத்த படைச்சாலை இது.

நார்ஃபோக் ஐசினி என்ற பழங்குடியின் நாடாக இருந்தது. அவர்களுடைய அரசன் பிரசூட்டகஸ் இறந்ததும், மகள்களுக்கும் பேரரசன் நீரோவுக்குமாக அவன் பகிர்ந்தளித்திருந்த உடைமைகள் அனைத்தையும் ரோமானிய அதிகாரிகள் கைப்பற்றினர். அரசி பூடிக்கா கசையால் அடிக்கப்பட்டாள், மகள்கள் வன்புணரப்பட்டனர். கி.பி. 60-61இல் வெடித்த எழுச்சியில் கோல்செஸ்டர், லண்டன், வெருலாமியம் ஆகிய மூன்று நகரங்களும் எரிந்தன. எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகு, ஐசினி நாட்டைப் பிடியில் வைத்திருக்கவே இச்சாலை போடப்பட்டது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இந்த எழுச்சியை விவரிக்கும் வரலாற்றாசிரியன் டாசிட்டஸ், அப்போது பிரிட்டனில் பணியாற்றிய அக்ரிகோலாவின் மருமகன். ஐசினியர் தம் தரப்பை எழுத்தில் விட்டுச்செல்லவில்லை. அவர்களுடைய நிலத்தை ஊடறுத்த சாலை மட்டும் எஞ்சியது. இன்று புதிய நடையருக்கு இவ்வழி எளிதாக இருப்பதற்கு, அன்று படை விரைந்து செல்ல வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

இதே வழியில் இன்னொரு வெளியேற்றத்தின் தடமும் உண்டு. தெட்ஃபோர்டுக்கு வடக்கே பாதையை ஒட்டி எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் இராணுவப் பயிற்சி நிலம். 1942இல் டாட்டிங்டன், ஸ்டான்ஃபோர்டு, வெஸ்ட் டாஃப்ட்ஸ் முதலிய சிற்றூர்களின் மக்கள் போர்ப்பயிற்சியின் பொருட்டு வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்ததும் வீடு திரும்பலாம் என்று நம்பிச் சென்றவர்கள் அவர்கள். போர் முடிந்தது; நிலம் திரும்பவில்லை. கம்பிவேலிக்குள் சில தேவாலயங்கள் மட்டும் நிற்கின்றன. நடப்பவருக்கு இப்பகுதி ஆழ்ந்த அமைதி தருவதாகத் தோன்றும். அந்த அமைதியின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு சிலர்.

இப்படிப்பட்ட நிலத்தில் எவரும் நடக்கலாம் என்பதும் தானாகக் கிடைத்த உரிமையன்று. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மலைவெளியில் சில நூறு பேர் தடையை மீறி ஏறினர்; பெரும்பாலோர் தொழிலாளர். அவர்களில் ஐவர் சிறை சென்றனர். 1935இல் டாம் ஸ்டீவன்சன் என்ற பத்திரிகையாளர் நாட்டுக்கு ஒரு நீண்ட பசும்பாதை வேண்டும் என்று எழுதினார். 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1965இல் முதல் நெடும்பாதையான பென்னைன் வே திறக்கப்பட்டது. படைச்சாலை ஒன்று பொதுமக்களின் உல்லாச வழியாக மாறியதற்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது.

ஹோமில் பாதை கடலைச் சந்திக்கிறது. அக்கடற்கரையில்தான் 1998இல் அலை மணலை அரித்தபோது 55 ஓக் கம்பங்களாலான வட்டம் ஒன்று வெளிப்பட்டது. நடுவே வேர்கள் மேல்நோக்கியிருக்கத் தலைகீழாகப் புதைக்கப்பட்ட பெரிய அடிமரம். ஆண்டு வளையங்களைக் கொண்டு, மரங்கள் கி.மு. 2049இல் வெட்டப்பட்டவை என்று கண்டறிந்தனர். அது கடலுக்கே உரியது, அங்கேயே விடுங்கள் என்று சிலர் எதிர்த்தனர். 1999இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு, இன்று கிங்ஸ் லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூடிக்காவுக்கு அந்த வட்டம் எவ்வளவு பழையதோ, ஏறக்குறைய அவ்வளவு பழையவள் பூடிக்கா நமக்கு.

இன்னும் கிழக்கே ஹேஸ்பரோ. 2013 மே மாதம் அங்கே அலைகள் விலகியபோது மனிதக் காலடித் தடங்கள் தென்பட்டன. எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. சிறுவர்களும் பெரியவர்களுமாக நடந்த தடங்கள். அளந்து, படமெடுத்து முடிப்பதற்குள் கடல் அவற்றைத் தேய்க்கத் தொடங்கிவிட்டது. சில வாரங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றை நமக்குக் காட்டிய அரிப்பே அவற்றை அழித்தது.

அதே அரிப்புதான் ஹேஸ்பரோவின் வீடுகளையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே சட்டத்தின் ஒரு விசித்திரத்தைக் காணலாம். 2009ஆம் ஆண்டின் கரையோர அணுகல் சட்டம், கரை இடிந்தால் பாதை உள்நோக்கி நகர இடமளிக்கிறது. நடப்பவரின் உரிமை நிலத்தோடு சேர்ந்து கடலில் விழுவதில்லை. ஆனால் கடலரிப்பில் வீடிழப்பவர்க்கு இழப்பீடு பெறும் பொதுவான உரிமை இங்கிலாந்தில் இல்லை. ஒரு சோதனைத் திட்டத்தின்கீழ் சில வீடுகள் விலைக்கு வாங்கி இடிக்கப்பட்டன. அதற்கு மேல் அது சட்டமாகவில்லை.

நடப்பதற்கான உரிமையைப் பெறச் சிலர் சிறை செல்ல வேண்டியிருந்தது. அது பெருமைக்குரிய வரலாறு. எனினும் கடந்துசெல்பவருக்குக் கிட்டிய உரிமை, தங்கி வாழ்பவருக்கு இன்னும் கிட்டவில்லை. ஐசினியர், டாட்டிங்டன் மக்கள், ஹேஸ்பரோவின் கரைவாசிகள் ஆகிய மூவரையும் இந்த எளிய பாதை தொட்டுச் செல்கிறது. முதல் நெடுநடைக்கு இதைத் தேர்பவர் தவறான வழியைத் தேரவில்லை. கால்களுக்கு அதிக வேலையில்லாத பாதை இது. எனவே எண்ணிப் பார்க்க நேரம் இருக்கும்.