தசைக்குள் ஒளிந்த தமனி நோய்

உங்கள் கெண்டைக்கால் சதையை ஒரு முறை கையால் பிடித்துப் பாருங்கள். நீங்கள் நடக்கும்போதும் படியேறும்போதும் உடலின் பாரத்தை உந்தித் தூக்குவது அதுதான். அதற்குள் நூலிழை போன்ற தமனிகள் கிளை பிரிந்து ஓடுகின்றன. அவற்றில் சிலவற்றின் சுவர், அதுவும் இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாக, அழற்சி கண்டு வீங்கினால் என்ன ஆகும்? வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அமுக்கினால் வலிக்கும், காய்ச்சல் வரும், சில வாரங்களில் நடப்பதே பெரும்பாடாகிவிடும்.

இப்படி ஒரு நோய் உண்டு. அதன் பெயர் பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா. பல தமனிகளில் முடிச்சு முடிச்சாகத் தோன்றும் அழற்சி என்று பொருள் கொள்ளலாம். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலரையே தாக்கும் அரிய நோய் இது. ஆகவே, நேற்று மைதானத்தில் ஓடிவிட்டு இன்று கால் வலிக்கிறது என்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வந்தவருக்கு அது விளையாட்டன்று. உயிரோடு இருக்கும் ஒருவரின் தசைக்குள் இந்நோயின் தடத்தைப் படமெடுத்துக் காண மருத்துவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கதை ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் தொடங்குகிறது. 1865-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், 27 வயதுத் தையல் தொழிலாளி ஒருவர் அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சல், வயிற்று வலி, தசைகளில் வலி, கைகளில் மரமரப்பு, நாளுக்கு நாள் கூடும் பலவீனம். ஊசி பிடித்துப் பிழைத்த கை ஊசி பிடிக்க முடியாமற் போயிற்று. அவரைக் கவனித்த பேராசிரியர் அடால்ஃப் குஸ்மௌல் சாதாரண மருத்துவர் அல்லர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1868-இல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாக நேரான குழாயைச் செலுத்தி இரைப்பையை எட்டிப் பார்க்க முயன்றவர் அவர். உடலுக்குள் இருப்பதைக் காண வேண்டும் என்ற தீராத ஆவல் அவருக்கு. அத்தகையவருக்கும் இந்த நோயாளியின் தசைக்குள் பார்க்க வழியில்லை. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்ட நோயாளி என்று அவரைக் குறித்துப் பின்னர் எழுதினார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அந்த இளைஞர் இறந்துபோனார்.

பிணப் பரிசோதனையை நடத்தியவர் நோய்க்கூறு அறிஞர் ருடால்ஃப் மையர். தமனிகளின் நெடுகிலும், கயிற்றில் முடிச்சிட்டது போல, சிறு விதை அளவிலிருந்து பட்டாணி அளவு வரை கட்டிகள் இருந்தன. குடலுக்குப் போகும் தமனி, சிறுநீரகத் தமனி, இதயத் தமனி, தசைகளுக்குள் ஓடும் தமனி என எங்கும் இதே காட்சி!

இவை என்ன? முதலில் இருவரும் தவறாகவே எண்ணினர். அந்தத் தவறிலும் ஒரு நியாயம் இருந்தது. குதிரைகளின் குடல் தமனியில் ஒரு வகைப் புழுவின் இளம் பருவம் புகுந்து குழாயை வீங்கச் செய்யும். இது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. பன்றி இறைச்சியின் மூலம் மனிதத் தசைக்குள் குடியேறும் டிரிக்கினா என்ற புழுவும் அந்த ஆண்டுகளில் ஜெர்மனியையே கலக்கிக்கொண்டிருந்தது. அதிலும் காய்ச்சல், தசை வலி உண்டு. எனவே 1866-இல் வெளியிட்ட முன்னறிவிப்பில், மனிதரிடம் கண்ட புழுத் தமனி வீக்கம் என்றே இதற்குத் தலைப்பிட்டனர். அதே ஆண்டு விரிவான கட்டுரை வந்தபோது புழு காணாமற் போயிருந்தது. இதுவரை எவரும் விவரிக்காத தமனி நோய் என்று ஒப்புக்கொண்டு, பெரிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா என்று பெயரிட்டனர். அச்சில் ஏறிய தவறை அதே ஆண்டுக்குள் திருத்திக்கொண்ட அந்த நேர்மையை நான் அவர்களுடைய கண்டுபிடிப்புக்குச் சமமாகவே மதிக்கிறேன். கட்டுரையின் நீண்ட தலைப்பில் விரைந்து பரவும் தசைவாதம் என்ற சொற்களும் இடம்பெற்றிருந்தன. தமனி நோய்க்கும் தசைக்கும் உள்ள உறவு முதல் நாளிலேயே பதிவாகிவிட்டது.

இன்று நாம் அறிந்தபடி, தமனிச் சுவரின் எல்லா அடுக்குகளும் இந்த அழற்சிக்கு ஆளாகின்றன. சுவர் நலிந்த இடத்தில் குழாய் குமிழ்போல் புடைக்கும். தடித்த இடத்தில் வழி குறுகி இரத்தம் உறைந்து அடைக்கும். அதற்கு அப்பால் உள்ள திசு பட்டினி கிடக்கும். நரம்புகளுக்கும் இரத்தம் வேண்டுமல்லவா? அவற்றை ஊட்டும் சிறு தமனிகள் அடைபடுவதால்தான் கைகால் மரத்து விழுகிறது.

ஃபிரைபர்க்குக்கு முன்பே இதைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. வியன்னாவின் புகழ்பெற்ற ரோகிடான்ஸ்கி 1852-இல் இத்தகைய தமனிகளை வெறுங்கண்ணால் கண்டு விவரித்தார். ஆனால் நுண்ணோக்கியில் ஆராயவில்லை. பாதுகாத்து வைத்திருந்த அந்தத் திசுவை 1887-இல் எப்பிங்கர் என்பவர் நுண்ணோக்கியில் பார்த்து, அதே நோய்தான் என்று காட்டினார். இருவரும் ஆராய்ந்தது இறந்தவரின் திசுவைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

உயிரோடிருப்பவரிடம் என்ன செய்வது? தசையில் சிறு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கலாம். பிரான்சில் டுஷேன் 1860-களிலேயே இதற்கென ஓர் ஊசிக் கருவியை உருவாக்கியிருந்தார். ஆனால் இந்த நோய் தமனி முழுவதும் பரவுவதில்லை. துண்டு துண்டாக இடம்விட்டுத் தாக்குகிறது. வெட்டிய இடத்தில் தமனி நலமாக இருக்கலாம். ஒரு விரற்கடை தள்ளி நோய் இருக்கலாம். நிலத்தடி நீர் எங்கே என்று தெரியாமல் கிணறு வெட்டுவது போலத்தான். "ஒன்றும் இல்லை" என்று சோதனைச் சாலை எழுதிய சீட்டு, நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

1895-இல் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். எலும்பு தெரிந்தது, இரத்தக் குழாய் தெரியவில்லை. 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் இருவரும், துண்டிக்கப்பட்ட கை ஒன்றின் தமனிகளில் சுண்ணக் கலவையைச் செலுத்திப் படமெடுத்துவிட்டனர். உயிருள்ளவரின் மூளைத் தமனிகளை லிஸ்பனில் மோனிஸ் 1927-இல் படமாக்கினார். 1953-இல் சுவீடனின் செல்டிங்கர், ஊசி வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் குழாயை ஏற்றும் எளிய முறையைத் தந்தார். அதன் பிறகு 1960-களில், இந்நோயாளிகளின் சிறுநீரகம், கல்லீரல், குடல் ஆகியவற்றின் தமனிகளில் சிறு குமிழ்கள் வரிசையாக இருப்பது படத்திலேயே தெரிந்தது. மையர் பிணத்தில் கண்டதை மருத்துவர்கள் உயிருள்ளவரிடம் கண்டார்கள்!

தசை மட்டும் இன்னும் வசப்படவில்லை. சாயம் ஏற்றிய படம் குழாயின் உள்வழியைத்தான் காட்டும். சுவரையோ சுற்றியுள்ள திசுவையோ காட்டாது. தசைக்குள் ஓடும் குழாய்களோ மிகச் சிறியவை. கெண்டைக்கால் தசையோடு நோய் நின்றுவிட்ட சிலரிடம் இன்னொரு புதிரும் உண்டு. தசை நார் சிதைந்தால் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் பெருகும். இவர்களிடம் பெரும்பாலும் அது பெருகுவதில்லை. ஏனெனில் நோய் குழாயில்தான், நாரில் அன்று. சிவப்பணுப் படிவு வேகமோ உச்சத்தில் நிற்கும். நோயாளி வலியால் துடிப்பார். தசைச் சோதனை குறையில்லை என்னும்.

உதவி வேறொரு துறையிலிருந்து வந்தது. நம் உடலில் நீர் மிகுதி. நீரில் ஹைட்ரஜன் உண்டு. வலிமையான காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பம்பரம் போல் தலையாட்டிச் சுழல்கின்றன. ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சைகை ஒன்றைத் தருகின்றன. நோயுற்ற திசுவில் இவ்வாறு திரும்பும் நேரம் மாறுபடுகிறது என்பதை 1971-இல் அமெரிக்காவின் டமாடியன் எலிகளின் புற்றுக் கட்டிகளில் காட்டினார். 1973-இல் லாட்டர்பர் இந்தச் சைகைகளைக் கொண்டு நீர் நிரப்பிய இரு நுண்குழல்களைப் படமாக்கினார். அவருடைய கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியது என்பது இன்று நமக்கு வேடிக்கை! 1977 ஜூலை 3-ஆம் நாள் டமாடியன் குழுவினர் ஒரு மனித மார்பின் படத்தை எடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. 2003-இல் இத்துறைக்கு நோபல் பரிசு வந்தபோது லாட்டர்பரும் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டும் பெற்றனர், டமாடியனுக்குக் கிட்டவில்லை. அந்த வழக்கு வேறு கதை.

நமக்கு வேண்டியது நீர். அழற்சி கண்ட தமனியைச் சுற்றி நீர் கசிந்து தேங்கும். ஆனால் படத்தில் கொழுப்பும் வெண்மையாகத் தெரிந்து குழப்பியது. 1980-களின் நடுவில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் பைடரும் யங்கும் கொழுப்பின் சைகையை அடக்கும் முறையொன்றைப் பயன்படுத்திக் காட்டினர். கறுத்த பின்னணியில் நீர் மட்டும் ஒளிரும். இம்முறையில் எடுத்த கெண்டைக்கால் படங்களில், பிய்த்த பஞ்சைத் தூவியது போல வெண்திட்டுகள் இரத்தக் குழாய்களைச் சூழ்ந்து தெரிந்தன. காடோலினியம் என்ற மருந்தை இரத்தத்தில் செலுத்தினால் அத்திட்டுகள் மேலும் பளிச்சிடும்.

இத்துடன் நோய் உறுதியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. படம் காட்டுவது நீரை. நீர் தேங்கக் காரணம் பல. தசை நாரின் அழற்சி, கிருமித் தொற்று, அடிபட்ட காயம், நீரிழிவால் தசை மடிதல் ஆகியவற்றிலும் வெண்மை தோன்றும். இவ்வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டை அன்று. இந்நோய்க்குத் தருவது உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. தொற்று இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் கேடாகும். கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் விட்டாலோ இன்னும் கேடு. 1967-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவம் பெறாதவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர் 13 சதவீதம். கார்ட்டிசோன் வகை மருந்து பெற்றவர்களில் 48 சதவீதம். பிற்காலத்தில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளும் சேர்ந்து நிலைமை வெகுவாகச் சீர்பட்டது. ஹெபடைட்டிஸ்-பி கிருமியோடு சேர்ந்து வரும் வகைக்குக் கிருமியை அடக்கும் மருந்தும் தர வேண்டும்.

ஆகவே படத்தின் பணி இடம் காட்டுவது. எந்தத் தசையில், எவ்வளவு ஆழத்தில் வெண்மை மிகுந்திருக்கிறதோ அங்கே அறுவை மருத்துவர் குறியிட்டுக்கொள்கிறார். கொட்டைப்பாக்களவு திசு வெளியே வருகிறது. அதை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, மையர் செய்தது போலவே, ஒருவர் நுண்ணோக்கியின் முன் குனிந்து தமனிச் சுவரைத் தேடுகிறார். சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து அதே காலை மீண்டும் படமெடுப்பதும் உண்டு. மருந்து வேலை செய்திருந்தால், பஞ்சுத் திட்டுகள் மங்கித் தசை மறுபடி கறுப்பாகத் தெரியும்.