ஒரு பாவு அரிசி எத்தனை கிராம்? சமையல் அளவுகளை மாற்றும் முறை

பெங்களூரு: நாட்டில் மெட்ரிக் அளவு முறை 1958ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனினும் பெங்களூருவின் பல வீடுகளில் அரிசியும் பருப்பும் இன்றும் ‘பாவு’ கொண்டே அளக்கப்படுகின்றன. நான்கு பாவு கொண்டது ஒரு சேர். தமிழ்க் குடும்பங்களில் ஆழாக்கும் படியும் இதே பணியைச் செய்கின்றன. ஆனால் கடையில் அரிசி கிலோவில் விற்கப்படுகிறது. சமையல் குறிப்புகளோ கோப்பை, கிராம் என இரண்டிலும் வருகின்றன.

பாவு, படி, கோப்பை ஆகியவை கொள்ளளவைக் குறிக்கின்றன. கிராமும் கிலோவும் எடையைக் குறிக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது பொருளின் அடர்த்தி. 240 மில்லி லிட்டர் கொள்ளும் கோப்பையில் தண்ணீர் 240 கிராம் இருக்கும். அதே கோப்பையில் எண்ணெய் சுமார் 220, சர்க்கரை சுமார் 200, தேன் ஏறத்தாழ 340 கிராம் கொள்ளும். மைதா 120 முதல் 130 கிராம் வரைதான்; அழுத்தி நிரப்பினால் இந்த அளவு வெகுவாகக் கூடிவிடும். வீட்டில் செய்யும் கேக் கெட்டியாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பையின் அளவும் எங்கும் ஒன்றாக இல்லை. ஆஸ்திரேலியாவில் அது 250 மில்லி லிட்டர், ஜப்பானில் 200. மின்சார அரிசி குக்கருடன் தரப்படும் கோப்பை பெரும்பாலும் 180 மில்லி லிட்டரே.

வீட்டிலுள்ள பாவின் அளவை அறிவது எளிது. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். தராசு காட்டும் கிராமே அதன் மில்லி லிட்டர். பிறகு ஈரம் துடைத்து, அரிசியைத் தலைதட்டி நிரப்பி எடை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். குவித்து அளந்தால் கணக்கு மாறிவிடும்.

இட்லி மாவுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. அங்கு விகிதமே முக்கியம் என்பதால், அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்தினால் போதும். ஊறுகாய்க்கு அவ்வாறு இருக்க முடியாது. கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால், ஒரே கரண்டியில் தூள் உப்பை விடக் குறைந்த எடையே கொள்ளும். உப்பு குறைந்தால் ஊறுகாய் கெட்டுவிடும். எனவே எடை போட்டுச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

எண்ணெயில் இந்த வேறுபாடு பணத்தையும் பாதிக்கிறது. சூடானால் எண்ணெய் விரிவடையும். 21 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம் எனக் குறிக்கப்படும் நிலையில், 60 டிகிரியில் அது 892.6 கிராமாகக் குறைகிறது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது. லிட்டருக்கு 26.4 கிராம் என்றால், உணவகங்கள் வாங்கும் 15 லிட்டர் டின்னில் 396 கிராம் குறையும். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் சரியான அளவை அச்சிடும்படி நிறுவனங்களை அறிவுறுத்திய அத்துறை, அதற்கு 2023 ஜனவரி 15 வரை அவகாசம் அளித்தது.

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, சமையல் எண்ணெயின் அளவை லிட்டரில் குறிப்பிட்டால் அதற்கு இணையான எடையையும் குறிப்பிடுவது கட்டாயமாகும். இரு நிறுவனங்களின் ஒரு லிட்டர் பொட்டலங்களை ஒப்பிடுவோர், விலையுடன் இந்தக் கிராம் எண்ணையும் பார்த்து வாங்கலாம்.