வயலும் வாக்கும்

இரணைமடுக் குளத்து நீரால் விளையும் உருத்திரபுரம் முதலான குடியேற்றக் கிராமங்களின் வாக்காளர், 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இருவேறு நலன்களைச் சீர்தூக்க வேண்டியவராயினர். 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையால் வடபுலத்துக் கமக்காரர் நல்விலை பெற்றனர். ஆயின், அவ்வரசின் 1972ஆம் ஆண்டு யாப்பு சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக நிலைநிறுத்தியது. பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட ஒதுக்கீட்டிலும், கிளிநொச்சி அந்நாளில் யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தமையால், இக்கமக்காரரின் பிள்ளைகள் யாழ்நகர மாணவரோடே போட்டியிட நேர்ந்தது. 1977 யூலை 21இல் கிளிநொச்சித் தொகுதி தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளர் வீ. ஆனந்தசங்கரியைத் தெரிவுசெய்தது. வயல் தந்த வருவாயினும் மொழியும் கல்வியுமே பெரிதென அத்தொகுதி கொண்டமையை இம்முடிவு காட்டுகின்றது.