ஈயக் குண்டும் எட்டாத் தொலைவும்

மனிதன் படைத்த வேட்டைக் கருவிகள் எல்லாம் அவன் கையின் நீட்சியே. கோல் கைக்கு எட்டாததை எட்டிற்று. கவண் கோலுக்கு எட்டாததை எட்டிற்று. வில் கவணையும் வென்றது. அவற்றின் பின் வந்தது துப்பாக்கி. இச்சொல் துருக்கிய மொழியில் பிறந்து, பல நாடுகள் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது என்பர். 'தோட்டா' என்பது இந்துஸ்தானி வழி வந்தது. ஆயின், துப்பாக்கிக்குள் இடப்படும் பொருளுக்கு மட்டும் தமிழர் தம் சொல்லையே வழங்கினர். அதுவே 'குண்டு'.

குண்டு என்றால் உருண்டை. ஆங்கிலேயர் கூறும் 'புல்லட்' என்னும் சொல்லும் 'சிறு உருண்டை' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் இன்றைய ரைபிள் குண்டை எடுத்துப் பாருங்கள். அது உருண்டையாக இல்லை. நீண்டு, நுனி கூர்ந்து, எழுதுகோலின் முனை போல் இருக்கின்றது. பெயர் பழையது, வடிவம் புதியது. இந்த மாற்றம் எப்போது, எதற்காக நிகழ்ந்தது? அதனால் விளைந்தது என்ன? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

உருண்டை நீண்ட கதை

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. அதில் இட்ட ஈய உருண்டை குழலைவிடச் சற்றுச் சிறியது. எனவே அது குழலின் பக்கங்களில் மோதி மோதி வெளிப்பட்டு, தான் விரும்பிய திசையிற் சென்றது. நூறு கெசத்திற்கு அப்பால் ஒரு தனி விலங்கைக் குறி பார்த்து வீழ்த்துதல் அரிது.

குழலின் உட்புறத்தில் திருகு வரிகளை வெட்டினால் குண்டு பம்பரம் போல் சுழன்று நேரே செல்லும் என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியக் கம்மியர் கண்டறிந்தனர். அவ்வாறு வரி வெட்டிய துப்பாக்கியே ரைபிள். ஆயினும், வரிகளை இறுகப் பற்றுமளவு பெரிய குண்டைக் குழல்வாய் வழியே இடித்து இறக்குவது பெரும்பாடாக இருந்தது. 1849ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைத்தலைவர் குளோத் எத்தியேன் மினியே இதற்கு வழி கண்டார். அவர் செய்த குண்டு நீண்டது. அதன் அடிப்புறம் குடைவானது. குழலில் எளிதாக இறங்கும். மருந்து வெடித்தவுடன் அடிப்புறம் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும்.

உருண்டை நீண்டதில் மற்றொரு நன்மையும் உண்டு. காற்றைக் கிழித்துச் செல்லும் பொருளுக்கு முகப்பு சிறியதாகவும் எடை மிகுதியாகவும் இருந்தால் வேகம் விரைவில் குறையாது. உருண்டையில் எடையைக் கூட்டினால் முகப்பும் பெருகும். நீண்ட குண்டிலோ முகப்பைப் பெருக்காமலே எடையைக் கூட்டலாம். தொலைவேட்டையின் அடிப்படை இதுவே.

இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தில் இலங்கையின் நுவரெலியாவில் வாழ்ந்தவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேய வேட்டையாளர். 1854இல் தம் இலங்கை வேட்டையைப் பற்றி நூல் எழுதியவர். 1840இல் அவருக்கெனச் செய்யப்பட்ட ரைபிளின் எடை 21 இறாத்தல். அதன் உருண்டைக் குண்டு மட்டும் 3 அவுன்ஸ். யானையின் அருகே சென்று, பெருங்குண்டைப் பெருமருந்தால் செலுத்துவதே அவர் முறை. தொலைவை அவர் நாடவில்லை. அதனை நாடியவர்கள் அமெரிக்கச் சமவெளியில் தோன்றினர்.

அடுப்பில் உருகிய ஈயம்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் புல்வெளியில் பைசன் என்னும் காட்டெருது மந்தை மந்தையாக மேய்ந்தது. ஒருகாலத்தில் மூன்று கோடி அளவில் இருந்திருக்கும் எனப் பலர் மதிப்பிடுவர். 1871ஆம் ஆண்டளவில் அதன் தோலைப் பதனிட்டு, தொழிற்சாலை எந்திரங்களுக்கு வேண்டிய வார்களைச் செய்யும் வழி பிறந்தது. இருப்புப்பாதையும் புல்வெளியை எட்டியது. தோலுக்கு விலை கிடைத்ததும் நூற்றுக்கணக்கான வேட்டையாளர் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டனர்.

அவர்களுட் பலர் விரும்பியது ஷார்ப்ஸ் நிறுவனத்தின் ரைபிள். கடைகளோ மிகத் தொலைவில் இருந்தன. தோட்டாவின் விலையும் மிகுதி. ஆகவே தோட்டாவைத் தாமே செய்துகொண்டனர். ஈயப் பாளங்களையும் மருந்துப் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிச் சென்றனர். பகலிற் சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, இரவில் நெருப்பின் அருகே அமர்ந்து வேலையைத் தொடங்கினர். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். விறகடுப்பே அதற்குப் போதும். தனி ஈயம் மென்மையானது. ஆதலின் அதனுடன் சிறிது வெள்ளீயம் கலந்தனர். பதினாறு பங்கு ஈயத்திற்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது பெயர்பெற்ற கலவை. வெள்ளீயம் குறைந்தால் குண்டு குழலில் ஈயத்தை அப்பும். மிகுந்தால் வரியை நன்கு பற்றாது, விலங்கின் உடலில் விரியவும் விரியாது.

வார்த்த குண்டின் மேல் மெல்லிய தாளைச் சுற்றினர். ஈயம் குழலில் ஒட்டாமல் காப்பது அத்தாள். பின்னர்க் கூட்டின் அடியில் புதிய கேப்பைப் பொருத்தி, கருமருந்தை அளந்து கொட்டி, குண்டை மேலே அமர்த்தினர். நகைக் கொல்லனின் பட்டறையில் காணும் பொறுமை அங்கே வேட்டையாளன் கூடாரத்தில் இருந்தது.

கொல்லனை இங்கே நினைப்பதற்குக் காரணமும் உண்டு. மருந்தையும் குண்டையும் நிறுக்க இன்றளவும் வழங்கும் அளவின் பெயர் 'கிரெயின்'. அதாவது தானிய மணி. ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரெயின். நம் பொற்கொல்லர் குன்றிமணியை நிறைகல்லாகக் கொண்டதும் இதே வழிதான். நுண்ணிய நிறைக்கு விதையை நாடியது பல நாட்டார்க்கும் பொதுவான அறிவு.

நொடியும் அடியும்

இத்துணைப் பொறுமை எதற்கு? இதற்கு விடை வகுப்பறையிலேயே உண்டு. கையை விட்ட எப்பொருளும் முதல் அரை நொடியில் 4 அடியும், ஒரு நொடியில் 16 அடியும் விழும். குழலைவிட்டுப் பறக்கும் குண்டும் இவ்விதிக்கு அடங்கியதே. கருமருந்தால் செலுத்திய கனமான குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,300 அடி வேகத்தில் புறப்படும். 400 கெசத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அது 16 அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். அத்தாழ்வை ஈடுசெய்யக் குழலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். விலங்கு 450 கெசத்தில் நிற்பதை 400 என்று கண் தவறாக மதித்தால், குண்டு குறிக்குக் கீழே ஏறத்தாழ மூன்றடி விழும். நெஞ்சில் பாய வேண்டியது காலை முறிக்கும். ஒரு தோட்டாவில் மருந்து கூடி மற்றொன்றில் குறைந்தாலும் நேர்வது இதுவே.

இக்கலையின் உச்சத்தை 1874ஆம் ஆண்டு கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் அமெரிக்கரும் அயர்லாந்தாரும் 800, 900, 1,000 கெசத் தொலைவுகளில் குறி சுட்டுப் போட்டியிட்டனர். அமெரிக்கர் 934 புள்ளியும் அயர்லாந்தார் 931 புள்ளியும் பெற்றனர். அதே ஆண்டு ஜூன் மாதம், டெக்சாசின் அடோபி வால்ஸ் என்னுமிடத்தில் பைசன் வேட்டையாளரின் குடியிருப்பைக் கமாஞ்சி, செயென், கயோவா மக்கள் தாக்கினர். தம் உணவும் உடையும் உறையுளும் ஆகிய விலங்கு அழிவதைக் கண்டவர்கள் அவர்கள். 1867ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தமக்கு உறுதி செய்யப்பட்ட வேட்டை நிலம் பறிபோவதையும் கண்டனர். அங்கே பில்லி டிக்சன் என்பவர் வெகு தொலைவில் நின்ற வீரர் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினார். பின்னாளில் அத்தொலைவை 1,538 கெசம் என்றனர். டிக்சனோ அதனைத் தற்செயலாய் வாய்த்த குறி என்றே ஒப்புக்கொண்டார்.

எண்ணாமல் விட்ட கணக்கு

வேட்டையாளர் பெரும்பாலும் சுட்டது 200, 300 கெசத் தொலைவிலிருந்தே. காற்று தம் பக்கம் வீசுமாறு அமர்ந்து, குறுக்காக நட்ட இரு கோல்களின் மேல் குழலைச் சார்த்தி, மந்தையை நடத்தும் பசுவை முதலில் நுரையீரலில் சுடுவர். அது ஓடாமல் நின்று சரியும். பகைவனின் உருவமும் தெரியாது, வாடையும் எட்டாது. ஆதலின் மற்றவை திகைத்து அங்கேயே சுற்றி நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தும் வீழும். அருகிருந்து சுட்டிருந்தால் மந்தை கலைந்து ஓடிப் பிழைத்திருக்கும். தொலைவே அதன் அச்சத்தைப் பறித்தது. அச்சம் போனபின் உயிரும் போயிற்று.

தென்புலத்து மந்தை 1870களின் இறுதிக்குள் ஒழிந்தது. வடபுலத்து மந்தை 1883ஆம் ஆண்டோடு ஏறக்குறைய முடிந்தது. வில்லியம் ஹார்னடே என்னும் விலங்கியல் அறிஞர் 1889இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், வட அமெரிக்கா முழுதும் எஞ்சிய பைசன்கள் 1,091 எனக் கணக்கிட்டார். ஐக்கிய அமெரிக்காவில் காப்பின்றித் திரிந்தவை 85 மட்டுமே. மருந்தை மணிக்கணக்கில் அளந்தவர்கள் மந்தையை அளக்கவில்லை. ஷார்ப்ஸ் நிறுவனமும் 1881இல் மூடப்பட்டது.

அழிவைக் கணக்கிட்ட ஹார்னடேயே காப்பிலும் முன்னின்றார். 1905இல் அமைந்த அமெரிக்கப் பைசன் சங்கத்தின் தலைவரானார். 1907இல் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து 15 பைசன்கள் ஓக்லகோமாவின் காப்பகத்திற்கு இருப்புப்பாதை வழியே அனுப்பப்பட்டன. தோலைச் சுமந்து சென்ற வண்டிகளே உயிரையும் சுமந்து வந்தன.

கூர்நுனியும் மலர்நுனியும்

1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். குண்டின் வேகம் நொடிக்கு 2,000 அடியைத் தாண்டிற்று. அவ்வேகத்தில் வெறும் ஈயம் வரிகளில் சிதையும். ஆதலின் செம்பு உறை போர்த்த குண்டு வழக்கிற்கு வந்தது. 1898இல் பிரெஞ்சுப் படையும் 1906இல் அமெரிக்கப் படையும் கூர்நுனிக் குண்டை ஏற்றன.

முழுதும் உறை போர்த்த குண்டு உடலை ஊடுருவிச் செல்லும், விரியாது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் நுனி உறையை நீக்கி, விரியும் குண்டு செய்தனர். போரில் அதனைப் பயன்படுத்தல் கொடுமை என்று 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு விலக்கிற்று. வேட்டையிலோ நிலை வேறு. விரியாத குண்டு பட்ட மான் ஓடி ஒளிந்து நெடுநேரம் துடித்துச் சாகும். மலர்ந்து பாயும் குண்டே அதன் துன்பத்தைச் சுருக்கும். எனவே போரில் விலக்கியதை வேட்டையில் அறம் எனக் கொண்டனர்.

ஆனால் மிகுதியாக மலரும் குண்டு மேலேயே சிதறிவிடும். ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்கர் 1946இல் கனடாவில் சேறு படிந்த மூஸ் மானைச் சுட்டபோது இக்குறையைக் கண்டார். அதனால் நடுவே செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி மலரவும் பின்பாதி ஊடுருவவும் ஒரு குண்டைப் படைத்து 1948இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

இன்றும் தோட்டாவைத் தாமே செய்வோர் அந்நாட்டில் பலர் உளர். பத்தில் ஒரு கிரெயின் வரை மருந்தை நிறுக்கின்றனர். தாளில் ஒரே துளையாகச் சுடும் போட்டிக் குண்டு வேட்டைக்குச் சிறந்ததாகாது என்பது அவர்தம் முதற்பாடம். இரண்டாவது பாடம் எல்லை பற்றியது. வேட்டைக் குண்டுகள் பல, நொடிக்கு ஏறத்தாழ 1,800 அடிக்குக் குறைந்த வேகத்தில் நன்கு மலர்வதில்லை. ஆகவே தம் தோட்டா எத்தொலைவில் அவ்வேகத்திற்கு இறங்கும் என்று கணக்கிட்டு, அதற்கப்பால் சுடாதிருத்தலே நெறி. குறி எட்டும் தொலைவு வேறு. கருணை எட்டும் தொலைவு வேறு.

ஈயத்தின் கதை அங்கும் முடியவில்லை. வேட்டையில் சிதறிய ஈயத்துகளை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் நஞ்சேறி மாண்டன. கலிபோர்னியக் காண்டோர் என்னும் பெருங்கழுகு 1987இல் 27ஆகக் குறைந்து, அனைத்தும் கூண்டில் காக்கப்பட்டன. பின்னர் அவை காட்டில் விடப்பட்டபோதும் ஈய நஞ்சே பெரும்பகையாயிற்று. 2019 ஜூலை முதல் கலிபோர்னியா மாநிலத்தில் வேட்டைக்கு ஈயத் தோட்டா முற்றும் விலக்கப்பட்டது. செம்பினாலேயே செய்த குண்டு அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

உருண்டை நீண்டது, ஈயம் செம்பாயிற்று, நூறு கெசம் ஆயிரம் கெசமாயிற்று. ஒவ்வொரு படியிலும் மனிதனின் அளக்கும் திறன் வளர்ந்தது. கொல்பவனுக்கும் கொல்லப்படும் உயிருக்கும் இடைவெளி பெருகப் பெருக, விலங்கு தன்னைக் காத்துக்கொள்ளும் வாய்ப்புக் குறைந்தது. அதனைக் காக்கும் பொறுப்பு வேட்டையாளன் கைக்கு மாறிற்று. 1870களின் சமவெளி அப்பொறுப்பை ஏற்க மறுத்தது. அதன் விலையை 1889ஆம் ஆண்டுக் கணக்கு நமக்குக் காட்டுகின்றது. எவ்வளவு தொலைவு எட்டலாம் என்று மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், எங்கே கையை மடக்க வேண்டும் என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும்.