பழுப்புச் சட்டைப் படையும் ஜெர்மானியத் திருச்சபையும்

நாஜி ஆட்சியை எதிர்த்து நின்ற ஜெர்மானியத் திருச்சபையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பார்மன் அறிக்கையும் போன்ஹோஃபரின் மரணமும் இறையியல் மாணவர் நன்கறிந்தவை. ஆனால் அவ்வெதிர்ப்பு எழுவதற்கு முன்னர், அதே திருச்சபை நாஜிக் கட்சியின் சீருடைப் படையைத் தன் ஆலயங்களுக்குள் மகிழ்வுடன் வரவேற்றது. ஆயர் பணியில் ஈடுபட்டோர் இவ்வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எஸ்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட தாக்குதற் படை 1921இல் மியூனிக் நகரில் உருவாயிற்று. ஹிட்லரின் கூட்டங்களைக் காப்பதும் மாற்றுக் கட்சியினரின் கூட்டங்களைக் கலைப்பதும் அதன் தொடக்க வேலைகள். 1923 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த முயற்சி தோல்வியுறவே அது தடைசெய்யப்பட்டது. 1925இல் மீண்டும் அமைக்கப்பட்டது. 1931இல் எர்ன்ஸ்ட் ரோம் அதன் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியது. நம்பிக்கையிழந்த இளைஞருக்கு இப்படை உணவும் தங்குமிடமும் சீருடையும் தோழமையும் தந்தது. அதற்கு ஈடாக அவர்களுடைய கைகளைத் தெருச்சண்டைக்குப் பெற்றுக்கொண்டது.

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். பிப்ரவரியில் கோரிங், பிரஷ்யாவில் எஸ்.ஏ. உள்ளிட்ட படைகளிலிருந்து ஏறக்குறைய 50,000 பேரைத் துணைக் காவலராக நியமித்தார். நேற்றுவரை தெருவில் அடித்தவன் இன்று சட்டத்தின் பெயரால் அடித்தான். மார்ச்சில் பெர்லினுக்கு அருகே ஒரானியன்பர்க்கில், பழைய மது ஆலையொன்றில் தடுப்பு முகாம் திறந்ததும் எஸ்.ஏ.யே. ஏப்ரல் 1இல் யூதர் கடைகளின் வாசலில் நின்று மக்களை மிரட்டியதும் அப்படையினரே. இவையொன்றும் மறைவில் நிகழவில்லை.

இதே மாதங்களில்தான் பழுப்புச் சட்டையணிந்தோர் அணியணியாக ஆலயத்திற்கு வந்தனர். அவர்களுடைய கொடிகள் பலிபீடத்தருகே நாட்டப்பட்டன, எஸ்.ஏ. வீரர்களின் கூட்டுத் திருமணங்கள் ஆலயங்களில் நடந்தேறின. 1918இல் முடியாட்சி வீழ்ந்தபின் திருச்சபையை விட்டு விலகியோர் பலர். வெறுமையான இருக்கைகளைக் கண்டு வருந்திய ஆயர்களுக்கு இக்கூட்டம் ஓர் எழுப்புதலாகத் தோன்றியது. மக்கள் திரும்பி வரும் வேளையில் கதவை அடைக்கலாமோ என்று அவர்கள் வாதிட்டனர். நற்செய்திப் பணியில் ஆர்வமுள்ள எவரும் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அதிலேயே அதன் ஆபத்தும் இருந்தது.

எஸ்.ஏ. திருச்சபைக்கு அந்நியமானதும் அன்று. 1930இல் கொல்லப்பட்டு நாஜிகளால் இரத்தசாட்சி போல் போற்றப்பட்ட எஸ்.ஏ. தலைவன் ஹோர்ஸ்ட் வெசல், பெர்லின் ஆயர் ஒருவரின் மகன். 1932இல் தோன்றிய 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்' இயக்கத்தினர் தங்களை இயேசு கிறிஸ்துவின் எஸ்.ஏ. என்றே பெருமையோடு அழைத்துக்கொண்டனர். 1933 ஜூலை 23இல் நடந்த திருச்சபைத் தேர்தலில் அவ்வியக்கம் மூன்றில் இரு பங்கு வாக்குகளைப் பெற்றது. செப்டம்பரில் பெர்லினில் கூடிய பிரஷ்யத் திருச்சபைப் பேரவைக்குப் பிரதிநிதிகள் பலர் பழுப்புச் சீருடையிலேயே வந்தமர்ந்தனர். யூத வழிவந்தோரும் யூத வழிவந்தோரை மணந்தோரும் ஆயர் பணியில் இருத்தலாகாது என்ற விதியை அப்பேரவை ஏற்றது. கலாத்தியர் 3:27, 28இல் பவுல் ஞானஸ்நானத்தைக் குறித்துக் கூறியது அங்கே இரத்தத்தின் பெயரால் மறுக்கப்பட்டது. வந்தவர்களைத் திருச்சபை மாற்றவில்லை. வந்தவர்களே திருச்சபையை மாற்றினர்.

இதனை எதிர்த்து நீமோலர் ஆயர்களை ஒன்று திரட்டினார்; 1934 மே மாத இறுதியில் பார்மன் அறிக்கை பிறந்தது. திருச்சபைக்கு ஆண்டவர் ஒருவரே என அது துணிவுடன் முழங்கியது. எனினும் ஒடுக்கப்பட்ட யூதரைக் குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஒரு மாதம் கழிந்தது. எஸ்.ஏ. அப்பொழுது ஏறத்தாழ 30 இலட்சம் பேர் கொண்ட படையாக வளர்ந்திருந்தது. இராணுவத்தைத் தன் படைக்குள் அடக்க ரோம் விரும்பியதை இராணுவத் தலைவர்கள் பொறுக்கவில்லை. ஜூன் 30 தொடங்கி மூன்று நாட்களில் ரோமும் அவருடைய தோழரும் வேறு பலரும் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோருள் கத்தோலிக்கத் தலைவர் எரிக் கிளவுசனரும் ஒருவர். ஜூலை 3இல் இக்கொலைகள் அனைத்தும் சட்டப்படி சரியே என்று அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஆலயத்தில் அமர்த்தி வாழ்த்திய படைத்தலைவர்களுக்காகவும் திருச்சபை வாய் திறக்கவில்லை. வன்முறையை ஆசீர்வதித்தவர்கள் அதே வன்முறையைக் கண்டிக்கும் உரிமையை முன்னரே இழந்திருந்தனர்.

அதிகாரம் குன்றிய எஸ்.ஏ. 1938 நவம்பர் 9, 10 நாட்களில் மீண்டும் தெருவில் இறங்கியது. நாடெங்கும் யூதரின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தூரிங்கியாவின் பேராயர் மார்ட்டின் சாஸ்ஸ, லூதரின் பிறந்தநாளில் ஜெப ஆலயங்கள் எரிந்ததை எழுத்தில் பதித்து மகிழ்ந்தார். போன்ஹோஃபர் தம் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தைக் கோடிட்டு, அருகே அந்நாளின் தேதியைக் குறித்தார். வூர்ட்டம்பர்க்கின் ஓபர்லென்னிங்கன் என்னும் சிற்றூரில் ஆயர் யூலியுஸ் ஃபான் யான், நவம்பர் 16ஆம் நாளாகிய மனந்திரும்புதலின் நாளில், எரேமியா 22:29ஐக் கொண்டு இக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார். சில நாட்களில் ஒரு கும்பல் அவரை அடித்து நொறுக்கியது. பின்னர் அவர் சிறைத் தண்டனையும் பெற்றார்.

போருக்குப்பின் 1946இல் நூரம்பர்க் நீதிமன்றம், 1934க்குப் பின் எஸ்.ஏ. முக்கியத்துவம் இழந்துவிட்டதெனக் கருதி, அதனைக் குற்ற அமைப்பென அறிவிக்கவில்லை. திருச்சபையின் கணக்கு அவ்வளவு எளிதில் தீர்வதன்று. ஆலயம் நிறைவதே சபை வளர்ச்சி என எண்ணும் மனம் எக்காலத்திலும் எந்நாட்டிலும் உண்டு. பாவியை வரவேற்பது நம் கடமை. அவன் ஏந்திவரும் கொடியைப் பீடத்தருகே நாட்டுவது நம் கடமையன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் காலம், கூட்டம் வாசலில் வந்து நிற்கும் அந்த முதல் ஞாயிறே. சிற்றூர் ஆயர் ஒருவர் பிரசங்க பீடத்தில் தனித்து நின்று சொன்னதை, 1933இல் பேரவையே கூடிச் சொல்லியிருக்கக்கூடும்.