ஹைப்ரிட் மட்டை: கேலியிலிருந்து கோப்பை வரை

கோல்ஃப் ஆடுகிறவர்கள் அதிகம் பயப்படுவது 1, 2, 3 எண் போட்ட நீண்ட அயர்ன் மட்டைகளுக்குத்தான். முகம் மெல்லியது, சாய்வு குறைவு. கை வேகம் போதாவிட்டால் பந்து எழும்பாது, தரையோடு ஓடும்.

ஆனால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. 1949-ல் கார் மீது பஸ் மோதி உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்த பென் ஹோகன், 1950 அமெரிக்க ஓப்பனில், மெரியன் மைதானத்தின் கடைசிக் குழியில், 1-அயர்னால் பந்தை கிரீனுக்கு அனுப்பினார். மறுநாள் பிளே-ஆஃபில் வென்றார்.

ஹைப்ரிட் வந்தபோது "வயசானவங்க மட்டை" என்று சிரித்தவர்கள் உண்டு. அடிப்பகுதி அகலம், எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து சுலபமாக எழும்பும், புல்லிலும் சிக்காது.

2004 பிரிட்டிஷ் ஓப்பனில் டாட் ஹாமில்டன் கிரீன் ஓரத்தில் ஹைப்ரிடால் பந்தை உருட்டி உருட்டியே எர்னி எல்ஸை பிளே-ஆஃபில் வென்றார்.

2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இன்னும் சுவாரசியம். அதுவரை மேஜர் போட்டிகளில் மூன்றாம் நாள் முடிவில் முன்னணியில் இருந்த 14 முறையும் ஜெயித்தவர் டைகர் உட்ஸ். கொரியாவின் ஒய்.இ. யாங், கடைசிக் குழியில் சுமார் 206 கஜத்திலிருந்து 3-ஹைப்ரிடை எடுத்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. பேர்டி! ஆசியாவில் பிறந்து மேஜர் வென்ற முதல் ஆண் அவர்.

நானும் வீம்புக்கு 3-அயர்னைச் சுமந்தவன்தான். பிறகு புரிந்தது: ஸ்கோர் கார்டில் எத்தனை அடி என்று எழுதத்தான் இடம், எந்த மட்டை என்று எழுத இல்லை.