ஓரிரவு மணம்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூரைக் கடக்கும் எவருக்கும் பரிமள திரவியங்களைப் பற்றிய சிந்தனை எழுவது அரிது. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள்முதலாக, இந்தக் கரிசல் வட்டாரத்துக்கு வாய்த்த வாசனை கந்தகத்தின் வாசனையே. ஆயினும் விருதுநகருக்குக் கிழக்கே அருப்புக்கோட்டை இருக்கிறது. மல்லிகை அரும்பு மிகுதியாய் விளைந்தமையால் அரும்புக்கோட்டை என வழங்கிய ஊரே பின்னர் அவ்வாறு மருவிற்று என்பர் அப்பக்கத்துப் பெரியோர். ஊர்ப்பெயர்க் கதைகளை நான் எளிதில் நம்புகிறவன் அல்லன். இந்தக் கதையை மட்டும் மறுக்க மனம் வருவதில்லை.

பழந்தமிழர் வாசனையில் சளைத்தவர்கள் அல்லர். கடலாடப் புறப்படும் மாதவி, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் நீராடினாள் என்று இளங்கோவடிகள் கணக்கிட்டே சொல்கிறார். ஆனால் மல்லிகையை நாம் பெரும்பாலும் சரமாகவே அறிந்தோம். முழம் போட்டு வாங்கிக் கூந்தலில் சூடி, விடிந்ததும் வாடியதைக் களைந்துவிடுவதே நம் சம்பிரதாயம்.

அந்த ஓரிரவு மணத்தை நிலைக்கச் செய்யும் வித்தை வடக்கே ஜௌன்பூரில் வளர்ந்தது. பறித்த பின்னும் மல்லிகை உடனே உயிர் விடுவதில்லை. இரவெல்லாம் இதழ்களுக்குள் புதிது புதிதாக மணத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். கொதிநீரின் ஆவியில் இட்டாலோ அந்த வேலை அக்கணமே நின்றுபோவதுடன் உள்ள மணமும் கெடும். ஆகையால் எள்ளைப் பரப்பி, அதன்மேல் பூவைப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப்பூவை இட்டு, எள் மணத்தை உண்டு தீர்த்த பின்னர் செக்கிலிட்டு ஆட்டினார்கள். நாருக்கு வாய்த்த பாக்கியம் எள்ளுக்கும் வாய்த்தது. பிரெஞ்சு தேசத்துக் கிராஸ் நகரத்தார் எள்ளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டில் விலங்குக் கொழுப்பைப் பூசி, இதே காரியத்தைச் செய்தார்கள். 1921-இல் எர்னஸ்ட் போ என்பவர் இயற்றிய 'ஷானல் நம்பர் 5' என்னும் வாசனைத் திரவியம் உலகப் புகழ் பெற்றதற்குக் கிராஸின் மல்லிகையும் ஒரு காரணம். அந்த மல்லிகை வேறெதுவுமன்று. நம்மவர் பிச்சி என்றும் சாதிமல்லி என்றும் அழைக்கும் கொடியின் இனமே.

எல்லா வெண்மலரும் இவ்வளவு தாராளமுடையதன்று. மே முதல் நாளன்று பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கொருவர் அளித்து மகிழும் மூகே என்னும் சிறு வசந்தகால மலரிலிருந்து எந்த முறையிலும் பயன்படத்தக்க தைலம் கிட்டுவதில்லை. 1956-இல் 'தியோரிசிமோ' என்னும் வாசனைத் திரவியத்தைப் படைத்த எட்மண்ட் ரூத்னிட்ஸ்கா, அதன் மணத்தைப் பிற பொருள்களைக் கொண்டே பாவித்துக் காட்டினார்.

கொழுப்பும் எள்ளும் இருந்த இடத்தில் பின்னர் ஹெக்சேன் என்னும் கரைப்பான் அமர்ந்தது. தமிழ்நாட்டு மல்லிகையும் வெளிநாட்டு வாசனைக் குப்பிகளை எட்டியது. விவசாயி அதை 'சென்ட் கம்பெனிக்குப் போகிற பூ' என்கிறார். மார்கழிப் பனியில் விளைச்சல் சுருங்கிக் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும்போது அக்கம்பெனிகள் சந்தைப் பக்கம் அதிகம் தலைகாட்டுவதில்லை. சித்திரை, வைகாசியில் பூ குவிந்து விலை சரிந்ததும் மூட்டை மூட்டையாக ஏற்றிச் செல்கின்றன. பூக்காரிக்கு வேண்டியது மொட்டு. ஆலைக்கோ மலர்ந்த பூ. ஆதலின் காலையில் வந்திறங்கும் மொட்டைப் பரப்பி வைத்து, பொழுது சாய்ந்து அது வாய்திறக்கும்வரை காத்திருந்து, இரவோடிரவாக மணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகு போன்ற திரள். அதைச் சாராயத்தில் கழுவி வடித்தால் தைலம். ஆயிரம் கிலோ பூவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தைலம் தேறினால் அதிகம்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தது, ஆலை வந்தது. பறிப்பதற்கு இயந்திரம் மட்டும் வரவில்லை. அன்றிரவு மலரப்போகும் மொட்டு எது, மறுநாளுக்கு விடவேண்டியது எது என்பதை வெயில் ஏறுமுன் பார்த்துப் பறிக்கும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. கூலி இன்றும் கிலோக் கணக்குத்தான்.